ராயபுரம் ஏன் இன்னும் நிற்கிறது?

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16-ஆம் தேதி பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணேவுக்குப் புறப்பட்டது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்தப் போரிபந்தர் நிலையக் கட்டடம் இன்று இல்லை. அதற்குப் பதிலாக விக்டோரியா டெர்மினஸ் எழுந்தது. தாணேயின் பழைய நிலையமும் போய்விட்டது. அடுத்த ஆண்டு ஹவுராவிலிருந்து ரயில் ஓடியது. இப்போதுள்ள ஹவுரா கட்டடமோ 1905-ல் வந்தது. மூன்றாவதாக ரயில் விட்ட மதராசில் மட்டும், 1856-ல் திறந்த நிலையம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதுதான் ராயபுரம். துணைக்கண்டத்தில் மிஞ்சியிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் இதைவிடப் பழையது வேறில்லை.

நான் ரயில்வேயில் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்களை ஐ.ஓ.டபிள்யூ. (இன்ஸ்பெக்டர் ஆஃப் ஒர்க்ஸ்) என்பார்கள். தண்டவாளம் பார்ப்பவர்களுக்கு இருக்கும் மரியாதை எங்களுக்குக் கிடையாது. கூரை ஒழுகினால், கழிப்பறை அடைத்தால், பெரிய அதிகாரி வருகிறார் என்று சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தால் எங்களைத் தேடுவார்கள். ஆனால் பழைய நிலையங்களின் சுவரைத் தட்டிப் பார்த்தவர்கள், கூரைமேல் ஏறி நடந்தவர்கள், தூணுக்கு அடியில் தோண்டிப் பார்த்தவர்கள் நாங்கள்தான். அதனால் பாரம்பரியக் கட்டடங்களைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் ராயபுரம். மதராஸ் ரயில்வே கம்பெனி 1845-ல் லண்டனில் உருவானது. 1853-ல் இங்கே பாதை போடும் வேலை ஆரம்பித்தது. நிலையத்துக்கு ராயபுரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கோட்டைக்கு வடக்கே கறுப்பர் நகரம், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன், வியாபாரிகளால் நிறைந்திருந்தது. கடலும் சரக்கும் பக்கத்திலேயே இருந்தன. வில்லியம் அடெல்ஃபி ட்ரேசி என்பவர் வரைபடம் போட்டார். மேற்கத்திய செவ்வியல் பாணியில் வரிசைத் தூண்கள், உயரமான கூடம், நீண்ட முகப்பு என்று கட்டடம் எழுந்தது. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கு ரயில் ஓடியது. தடம் ஆற்காட்டுக்குப் பக்கத்திலுள்ள வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மாட்டுவண்டியில் நாள்கணக்கில் போன ஆற்காட்டுப் பாதையை ஒரே பகலில் முடிக்கலாம் என்றானது. தென்னிந்தியாவின் ரயில் வரலாறு அங்கே, அந்தக் கூடத்தில் தொடங்கியது.

அதற்கும் முன்னால் 1837-லேயே செங்குன்றத்திலிருந்து சாலை போடுவதற்குக் கல் கொண்டுவர ஒரு தண்டவாளப் பாதை இருந்தது. ஆர்தர் காட்டனின் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். இந்தியாவில் முதன்முதலாகத் தண்டவாளம் போட்டது அதற்காகத்தான். இன்று செங்குன்றத்தில் போய் நின்று எங்கே அந்தப் பாதை என்று கேட்டால் காட்ட ஒரு கல் கிடையாது.

ராயபுரம் பிழைத்ததற்குக் காரணம் அதன் அழகு அல்ல. அது ஒதுக்கப்பட்டதுதான் அதைக் காப்பாற்றியது. 1873-ல் பார்க் டவுனில், ஜான் பெரேராவின் தோட்டம் என்ற இடத்தில், சென்ட்ரல் இரண்டாவது முனையமாகத் திறந்தது. ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைத்தார். பிறகு ராபர்ட் சிஷோம் கைவைத்தார். நாலு பக்கமும் முகம் வைத்த மணிக்கூண்டோடு அது 1900 வாக்கில் இன்றைய தோற்றத்துக்கு வந்தது. 1907-க்குப் பிறகு சென்ட்ரல்தான் தலைமை முனையம். ராயபுரத்துக்குத் துறைமுகச் சரக்கும் புறநகர் ரயிலும் மிஞ்சின. கூட்டம் போன இடத்துக்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள். பணம் வராததால் இடித்துப் புதிதாகக் கட்டும் யோசனையும் நெடுங்காலம் வரவில்லை. கூரை ஒழுகி, சுவரில் செடி முளைத்துப் பாழாகக் கிடந்த கட்டடத்தைப் பற்றி, சென்னை வரலாற்றை எழுதிய எஸ். முத்தையா போன்றவர்கள் விடாமல் எழுதினார்கள். 2005-ல் அதைச் சீரமைத்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது எங்கள் பிரிவில் இருந்த பலருக்கு உண்மையான சந்தோஷம்.

ஆனால் ஒரு கட்டடத்தை ஒருமுறை சீரமைப்பதும் அதை வைத்துக் காப்பாற்றுவதும் வேறு வேறு வேலை. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பழைய நிலையங்கள் புல்டோசரால் சாவது குறைவு. சின்னச் சின்ன ரிப்பேர்களால் சாவது அதிகம். அவற்றைக் கட்டியது சுண்ணாம்பால். நாம் ரிப்பேர் பார்ப்பது சிமெண்டால். வடக்குப் பகுதியில் ஒரு சிறு நிலையத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நூறு வருடத்துக்கு மேற்பட்ட செங்கல் சுவர். அடியிலிருந்து இரண்டு அடி உயரத்துக்கு ஈரம் ஏறிக் காரை உதிர்ந்திருந்தது. எனக்கு முன்னால் யாரோ அதைச் செதுக்கிவிட்டு, நல்ல கெட்டியாகச் சிமெண்ட் பூச்சுப் போட்டு, மேலே எனாமல் பெயிண்டும் அடித்திருந்தார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் ஈரம் நாலடி உயரத்தில் தெரிந்தது. பூச்சைத் தட்டினால் உள்ளே வெற்றாக ஒலித்தது. உளியை வைத்து ஒரு துண்டைப் பெயர்த்தோம். பூச்சு பலகைபோல் முழுசாக வந்தது. அதன் பின்னால் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது. அதற்கும் பின்னால் இருந்த செங்கலின் முகம் விரல் பட்டாலே பொடியாகக் கொட்டியது.

காரணம் எளிது. அந்தக் காலத்துச் சுவர்களுக்கு அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு கிடையாது. தரையின் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தைத் தன் வழியாக வெளியே விட்டுவிடும். அதனால் சுவர் நனையும், காயும், நனையும், காயும், கெடாது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற முடியாத ஈரம் மேலே ஏறுகிறது. கொண்டுவந்த உப்பைச் செங்கலுக்கு உள்ளேயே விட்டுவிட்டுக் காய்கிறது. உப்பு படிகமாகி விரியும்போது செங்கல் உடைகிறது. கடற்காற்று அடிக்கும் ராயபுரம் போன்ற இடத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

எங்களிடம் காண்டிராக்டில் வந்த வயசான கொத்தனார் ஒருவர் இருந்தார். செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அவர் மேஸ்திரிதான். அன்று அந்த உப்பைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், செவுத்த மூச்சு விட உடணும் சார். நீங்க கம்பளிய போத்தி வெயில்ல நிக்க வச்சிருக்கீங்க. அது எப்படி சார் தாங்கும்?"

"சுண்ணாம்புல பூசினா எத்தனை நாள் ஆகும் மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"சுண்ணாம்பு ஊறவே நாள் வேணும் சார். அவசரத்துக்கு ஆவாது. ஆனா உங்க பேரன் வந்து பாக்கிற வரைக்கும் நிக்கும்."

அவர் சொன்ன முறையில்தான் அந்தச் சுவரைச் செய்தோம். கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கிக் குழியில் தண்ணீர் விட்டுத் தாளித்தோம். கொதித்து அடங்கியதும் மூடி ஊறவைத்தோம். பிறகு ஆற்று மணலும் செங்கல்தூளும் சேர்த்து அரைத்தோம். கடுக்காயை உடைத்துப் போட்டு ஊறவைத்த தண்ணீர் ஒரு பீப்பாயில், கருப்பட்டி கரைத்த தண்ணீர் இன்னொரு பீப்பாயில். கலவையைக் கரணையில் எடுத்துத் திருப்பிப் பிடித்தால் விழக்கூடாது, அதுதான் பதம். முதல் பூச்சு இறுகும்வரை அவர் சித்தாள்களை விட்டு ஈரச்சாக்கைக் கட்டி நனைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். பூசி முடித்த சுவரில் பளபளப்பு இல்லை. மங்கலான வெள்ளை. கையை வைத்தால் குளுமை. நான் ஓய்வு பெறும்போதும் அந்தச் சுவரில் ஒரு விரிசல் கிடையாது.

கூரைக்கும் இதே கதை. மெட்ராஸ் டெரஸ் என்று ஊர்ப் பெயரையே தாங்கிய கூரை முறை இது. தேக்குச் சட்டங்களுக்கு மேலே, கையளவே உள்ள மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சாய்வு வரிசையில் சுண்ணாம்புக் கலவையில் பதிப்பார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடிக்க அடிக்கக் கடுக்காய்த் தண்ணீர் தெளிப்பார்கள். கட்டை துள்ளித் திரும்பினால் ஜல்லி இறுகிவிட்டது என்று பொருள். அதற்கு மேல் தட்டோடு. இப்படிப் போட்ட கூரைகள் பழைய நிலையங்களிலும் ரயில்வே குவார்ட்டர்ஸ்களிலும் நூறு வருடம் தாண்டி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவற்றைக் கெடுத்ததில் பெரும்பங்கு இலைகுப்பை அடைத்த மழைநீர்க் குழாய்க்கும், கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றுக்கும்தான். கன்றை முளையிலேயே வேரோடு எடுத்தால் அஞ்சு நிமிஷ வேலை. அஞ்சு வருடம் விட்டால் சுவரையே பிரிக்க வேண்டும். ஐப்பசிக்கு முன்னால் ஒருவர் கூரை ஏறிப் பார்ப்பது எந்தச் சீரமைப்புத் திட்டத்தையும்விடப் பெரிய பாதுகாப்பு.

சிக்கல் எங்கே என்றால் எஸ்டிமேட்டில். சிமெண்ட் பூச்சுக்கு ரேட் இருக்கும், டெண்டர் போட்டால் ஆள் வருவார்கள், ஒரு வாரத்தில் முடித்து மெஷர்மென்ட் புக்கில் எழுதிவிடலாம். சுண்ணாம்புக்கு ஊறும் நாளை எந்தக் கலத்தில் எழுதுவது? கடுக்காய்க்கு என்ன ரேட் போடுவது? அதைப் பூசத் தெரிந்த மேஸ்திரிகளும் ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நகரம் போக்குவரத்துக்காகக் கட்டியவற்றை எப்படியெல்லாம் இழந்தது என்று கணக்கெடுத்தால் மனம் கனக்கிறது. 1895 மே 7-ஆம் தேதி மதராசில் மின்சார ட்ராம் ஓடியது. இந்தியாவில் அதுதான் முதல். முதலில் மின்சாரத்தைத் தரைக்கடியில் கொண்டுபோனார்கள். மழைக்கு அது தாங்காமல் மேலே கம்பி கட்டினார்கள். 1953 ஏப்ரலில் கம்பெனி நொடித்து வண்டிகள் நின்றன. அறுபது வருடத்துக்கு நெருக்கமாக ஊரைச் சுமந்த ஒரு சேவை, என் தலைமுறைக்குப் புகைப்படமாக மட்டுமே தெரியும். கல்கத்தா தன் ட்ராமை இன்னும் முழுக்க விட்டுவிடவில்லை என்பதை நினைக்கும்போது வருத்தம் கூடுகிறது.

பக்கிங்காம் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1806-ல் கொக்ரேன் கால்வாய் என்று தொடங்கி, 1876–78 தாதுவருஷப் பஞ்சத்தில் பசித்தவர்களின் உழைப்பால் நீண்டு, ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போன வழி அது. நகருக்குள் அதன் மேலேயே 1990-களில் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டோம். ஒரு போக்குவரத்துக்கு இன்னொரு போக்குவரத்தைப் பலி கொடுத்தது இந்த ஊர்.

சென்ட்ரலுக்குப் பக்கத்தில் 1900-ல் திறந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தது. இன்று புறநகர் ரயிலுக்கு நாம் டிக்கெட் எடுக்கும் கட்டடம் அந்த இடத்தில் நிற்கிறது. மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று பெயரில் மட்டும் அது தங்கியிருக்கிறது.

இப்போது எழும்பூர். 1908 ஜூன் 11 அன்று திறந்த நிலையம். ஹென்றி இர்வின் வடிவமைத்தார். மைசூர் அரண்மனையும் சிம்லா வைஸ்ராய் மாளிகையும் அவர் பெயர் சொல்பவை. டி. சாமிநாத பிள்ளை என்ற ஒப்பந்தக்காரர் கட்டினார். செலவு 17 லட்சம் ரூபாய். நிலத்தை டாக்டர் பல்னி ஆண்டியிடமிருந்து 1 லட்சம் ரூபாய்க்குத் தென்னிந்திய ரயில்வே வாங்கியது. திருச்சியும் மதுரையும் திருநெல்வேலியும் ராமேஸ்வரமும் மதராசுக்கு வந்து இறங்கிய வாசல் அது. போட் மெயிலில் இங்கே ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னார் போய் இலங்கை ரயிலைப் பிடித்தவர்கள் எத்தனை குடும்பங்கள்! அந்தத் தனுஷ்கோடி நிலையத்தை 1964 டிசம்பர் புயல் அடித்துப் போனது. கூரையில்லாமல் நின்ற சுவர்கள் வருடா வருடம் கரைவதை அங்கே போனவர்கள் பார்த்திருப்பார்கள். கூரை போனபின் சுண்ணாம்புச் சுவரும் பிழைக்காது.

2022 மே மாதம் எழும்பூர், மதுரை, ராமேஸ்வரம், காட்பாடி, கன்னியாகுமரி ஆகிய ஐந்து நிலையங்களின் மறுசீரமைப்புக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். பயணிகள் பெருகிவிட்டார்கள், முதியவர்களுக்கு மின்தூக்கி வேண்டும், அகலமான நடைபாலம் வேண்டும், உட்கார இடம் வேண்டும். பெட்டியைத் தலையில் வைத்துப் படியேறிய மக்களைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவன் நான். இந்த வசதிகளை ஒருநாளும் எதிர்க்க மாட்டேன். இர்வினின் முகப்புக் கட்டடத்தை வைத்துக்கொள்வதாகத்தான் திட்டம். அது நல்லது. ஆனால் முகப்பு மட்டுமா நிலையம்?

நிலையம் என்பது நடைமேடைக் கூரையைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தூணும்தான். அதன் தலையில் இருக்கும் இலை வேலைப்பாடும்தான். வண்டி ரயிலின் பக்கத்திலேயே போய் நிற்கும்படி எழும்பூரில் வைத்த வழியும்தான். ஓய்வறைத் தேக்கு பெஞ்சும், கைபட்டுத் தேய்ந்த படிக்கட்டுக் கைப்பிடியும், மணியடிக்கத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டும்தான். பழைய நிலையங்களில் கழித்த தண்டவாளங்களையே தூணாகவும் உத்தரமாகவும் வேலிக்காலாகவும் நட்டிருப்பார்கள். அவற்றைச் சுரண்டினால் இங்கிலாந்து உருக்காலையின் பெயரும் தயாரித்த ஆண்டும் புடைப்பெழுத்தில் தெரியும். ஒரு புறநகர் நிலையத்தில் கூரையை மாற்றியபோது அப்படிப்பட்ட தூண்களைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். பெயிண்டுக்கு அடியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆண்டு ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. ஒன்றையாவது அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம் என்று எழுதிக் கேட்டேன். பதில் வருவதற்குள் எடைக்கு ஏலம் போய்விட்டது. பெரம்பூரில் ஐ.சி.எஃப். பக்கத்தில் ரயில் அருங்காட்சியகம் 2002-லிருந்து இருக்கிறது. இஞ்சின்களும் பெட்டிகளும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. நிலையத்தின் தூணும் கூரையும் கைப்பிடியும் அதே அக்கறைக்கு உரியவை.

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆனது. சட்டம் வரட்டும், பட்டியல் வரட்டும். அதற்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியவை சில உண்டு. நூறு வயது தாண்டிய எந்த நிலையச் சுவரிலும் சிமெண்ட் பூச்சுப் போடக் கூடாது என்று ரயில்வே ஒரு சுற்றறிக்கை விடலாம். சுண்ணாம்பு வேலைக்குத் தனி ரேட்டும் போதுமான நாளும் டெண்டரிலேயே எழுதலாம். இருக்கும் மேஸ்திரிகளிடம் நாலு இளைஞர்களைக் கூலி கொடுத்துப் பழக்கலாம். ஒன்றை இடிக்கும் முன் அளந்து, வரைந்து, படமெடுத்து வைக்கலாம்.

ராயபுரத்தைப் பற்றி எனக்கு ஒரு கோரிக்கைதான். சென்ட்ரலும் எழும்பூரும் தாங்காமல் தாம்பரம் மூன்றாவது முனையம் ஆயிற்று. வடசென்னையில் பிழைப்புக்காக ரயிலேறும் மக்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த 1856 கூடத்தைப் பூட்டி வைத்து வருஷத்துக்கு ஒருநாள் மாலை போட வேண்டாம். அங்கே டிக்கெட் கொடுங்கள். நெடுந்தூர ரயில் சிலவற்றை அங்கிருந்து விடுங்கள். ஆள் நடமாடும் கட்டடத்தில் கூரை ஒழுகினால் அன்றைக்கே யாராவது சத்தம் போடுவார்கள். எங்கள் பிரிவுக்கும் அன்றைக்கே போன் வரும். நீங்கள் புறநகர் ரயிலில் கடற்கரை தாண்டி வடக்கே போகிறவராக இருந்தால், ஒருநாள் ராயபுரத்தில் இறங்கிப் பாருங்கள். சுவரில் எங்காவது அரசங்கன்று தெரிந்தால் நிலைய மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.